ஒரே ஆல்பம், நாலு தட்டு: ரீமாஸ்டர் வாங்கத் தொடங்குவோருக்கு

ஒரே ஆல்பம் நாலு விதமாகக் கிடைக்கும். 1980களில் வந்த எல்.பி. இசைத்தட்டு, அதே பத்தாண்டின் கடைசியில் வந்த சி.டி., 2000-க்குப் பிறகு ‘டிஜிட்டலி ரீமாஸ்டர்டு’ என்று அட்டையில் தங்க எழுத்தோடு வந்த சி.டி., இப்போது கைப்பேசியில் ஓடுவது. பாடியவர் அவரேதான், வயலின் வாசித்தவர்களும் அவர்களேதான். ஆனாலும் ஒன்றில் தபேலா முன்னால் வந்து உட்காரும். இன்னொன்றில் குரல் மூக்கடைத்த மாதிரி இருக்கும். மூன்றாவது கணீரென்று தொடங்கும், ஆனால் கால் மணி நேரத்தில் காது சலித்துவிடும்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர் செய்யும் முதல் தப்பு, ஆல்பத்தின் பெயரைப் பார்த்து வாங்குவது. பார்க்க வேண்டியது பதிப்பை. எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். ஸ்டுடியோவில் குரல், புல்லாங்குழல், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடத்தில் பதிவாகும். அது நூல். அவற்றைச் சேர்த்து இடம், வலம் என்று இரண்டே தடமாக்குவது மிக்ஸிங். அது துணி. துணியை காம்பாக்டிங் போட்டு (பின்னால் சுருங்காதபடி அமுக்கி), அயர்ன் பண்ணி, அளவு சரிபார்த்து, பெட்டியில் அடைக்கிற மாதிரிக் கடைசி வேலைதான் மாஸ்டரிங்: பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமன் செய்வது, அடிச்சுருதியும் உச்சமும் எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது, தட்டுக்கோ சி.டி.க்கோ ஏற்றபடி தயார் செய்வது. ரீமாஸ்டர் என்றால் கிடங்கில் இருக்கும் அதே துணியை எடுத்து மறுபடியும் ஃபினிஷிங் போடுவது. ரீமிக்ஸ் என்றால் நூலிலிருந்து திரும்ப நெய்வது. குத்துப்பாட்டுத் தாளம் சேர்ப்பதை நம்மூரில் ரீமிக்ஸ் என்கிறோமே, இது அது இல்லை. மறுவெளியீடு என்பது மூன்றாவது சங்கதி. பழைய ஃபினிஷிங்கையே புதுப் பெட்டியில் போட்டாலும் அது மறுவெளியீடுதான், உள்ளே எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை.

மிக்ஸில் குரலுக்குக் கீழே அமுங்கிப்போன வீணையை ரீமாஸ்டர் தனியாக மேலே தூக்காது. வீணை இருக்கும் அலைவரிசையை ஏற்றினால் அதே இடத்தில் இருக்கும் குரலும் கூடவே ஏறும். இப்போது மென்பொருளால் இரண்டையும் பிரித்தெடுக்கிறார்கள். பிரித்த குரலின் ஓரத்தில் தண்ணீருக்கடியில் பேசுகிற மாதிரி ஒரு நெளிவு பல சமயம் தங்கிவிடுகிறது.

எந்த டேப்?

அனலாக் டேப்பை நகல் எடுத்தால் இரைச்சலும் கூடவே போகும். மூல டேப்பில் இருக்கும் ‘ஸ்’ என்ற சத்தத்தோடு நகல் டேப்பின் சத்தம் சேர்ந்து, முதல் நகலிலேயே இரைச்சல் சுமார் 3 டெசிபல் ஏறும். வெளிநாட்டு வெளியீட்டுக்கு ஒரு நகல், தட்டு வெட்ட ஒரு நகல், கேசட் அடிக்க ஒரு நகல் என்று போய், கடைசியில் கிடங்கில் மிஞ்சுவது நாலாம் தலைமுறை நகலாக இருக்கலாம். அதிலிருந்து எவ்வளவு நேர்த்தியாக ரீமாஸ்டர் செய்தாலும் முதல் நகலிலிருந்து 1987-இல் சும்மா மாற்றிய சி.டி.யிடம் அது தோற்கும்.

டேப்புக்கும் வயதாகும். 1970, 80களில் வந்த சில வகை டேப்புகளில் காந்தத் துகளை ஒட்டவைத்த பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து இயந்திரத்தின் தலையில் (டேப்பைப் படிக்கும் பாகம்) அப்பிக்கொள்ளும், பாட்டு போனது போனதுதான். அதனால் 50 முதல் 55 டிகிரி வெப்பத்தில் எட்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் வைத்து உலர்த்தி, அதன் பிறகே நகல் எடுப்பார்கள். ஓட்டும் இயந்திரத்தின் தலை, பதிவு செய்த இயந்திரத்தின் தலை சாய்ந்திருந்த அதே கோணத்தில் நிற்கவில்லை என்றால் உச்ச ஒலிகள் மங்கிவிடும். குழந்தைக் குரல், ஜலதரங்கம், சலங்கை எல்லாம் கம்பளி போர்த்தின மாதிரி கேட்டால் முதல் சந்தேகம் இந்தக் கோணத்தின் மேல்தான் விழ வேண்டும்.

மாஸ்டர் டேப்பே இல்லையென்றால்? இசைத்தட்டை ஓட்டி அதிலிருந்து எடுப்பார்கள். தப்பில்லை, வேறு வழியும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை பட்சிராஜா ஸ்டுடியோ காலத்துப் பாட்டுகள் 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டுகளில் வந்தவை. அவற்றுக்கு இன்று கையில் கிடைக்கும் மூலம் பெரும்பாலும் அந்தத் தட்டு, இல்லாவிட்டால் படச்சுருளின் ஓரத்தில் இருக்கும் ஒலித்தடம். ஆனால் தட்டிலிருந்து எடுத்ததை ‘மாஸ்டர் டேப்பிலிருந்து’ என்று விற்றால் அது பொய். கண்டுபிடிக்கக் கடிகாரம் போதும். கீறல் சத்தம் 1.8 வினாடிக்கு ஒருமுறை தவறாமல் ‘டிக்’ என்று வந்தால் மூலம் 33⅓ வேகத் தட்டு. 1.33 வினாடி என்றால் 45 வேகம், முக்கால் வினாடிக்குச் சற்றுக் கூட என்றால் 78. கீறலை மென்பொருளால் துடைத்திருந்தாலும் அந்த இடத்தில் மெல்லிய பள்ளம் போல ஏதோ விட்டுவிட்டு வரும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் ச, ஸ, ஷ எழுத்துகள் பிசிறினால் அதுவும் தட்டின் அடையாளமே. உள்வட்டத்துக்குப் போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைந்து, ஊசி நெருக்கடியில் மாட்டும்.

இரைச்சலைத் துடைப்பதிலும் ஓர் அளவு வேண்டும். மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் அண்ணமார் கதையை (பொன்னர்-சங்கர் கதை) உடுக்கையடிப் பாடகரிடமிருந்து டேப்பில் பிடித்தார். இந்த மாதிரிக் களப்பதிவில் கூட்டத்தின் முணுமுணுப்பும் சுற்றியிருக்கும் வெளியும் சத்தத்தோடு சத்தமாக உட்கார்ந்திருக்கும். மென்பொருளை முழுசாகத் திருப்பி ‘சுத்தம்’ செய்தால் உடுக்கையின் அதிர்வு ஓய்கிற வால்பகுதியும் போய்விடும். சினிமாப் பாட்டிலும் சோதனை இதுவே: பாட்டு முடிந்து எதிரொலி தேய்கிற கடைசி மூன்று வினாடியைக் கேளுங்கள். இயல்பாகத் தேய்ந்தால் நல்லது. கத்தரியால் வெட்டின மாதிரி கம்மென்று நின்றால் அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள்.

சத்தம் என்னும் மோசடி

நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) ஒலிபெருக்கிக் குழாய் கட்டும் மைக்செட்காரருக்குத் தெரிந்த உண்மை இது: ஆம்ப்ளிஃபயரை ஒரு கட்டத்துக்கு மேல் திருப்பினால் சத்தம் ஏறாது, கரகரப்புதான் ஏறும். சி.டி.க்கும் அப்படி ஒரு கூரை உண்டு. 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது, அதன் உச்சி பூஜ்யம் என்று குறிக்கப்படும். அதைத் தாண்ட முடியாது. தவில் அடியின் முனை அந்தக் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்க, பாட்டு மொத்தத்தையும் இன்னும் சத்தமாக்க வேண்டுமென்றால் ஒரே வழி, முனைகளை மழுக்கிவிட்டு மீதியை மேலே தூக்குவதுதான். 1994-இல் வந்த வேவ்ஸ் எல்1 போன்ற டிஜிட்டல் லிமிட்டர்கள் இதை ஒரு குமிழ் திருப்பும் வேலையாக்கின. கடையில் அடுத்தடுத்து இரண்டு சி.டி.யைப் போட்டால் சத்தமானதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்காக 1990களின் பிற்பாதியிலிருந்து ரீமாஸ்டர்கள் அடிபட்டன. தவில் அடிக்கும் நாகஸ்வர இழுப்புக்கும் சத்தத்தில் வித்தியாசமே இல்லாமல் போவதால்தான் காது சலிக்கிறது.

1980களில் வந்த முதல் சி.டி.க்களுக்குச் சேகரிப்பாளர் மத்தியில் இன்றும் மவுசு இருப்பது இதனால்தான். அமெரிக்காவின் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இளையராஜா சி.டி.க்களைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ அந்த நிறுவனம் போட்டதே. அந்தக் காலத்து மாஸ்டரிங்கில் மழுக்கும் வழக்கம் இல்லை, முனைகள் முனைகளாகவே இருக்கும். அதற்காகப் பழைய சி.டி. எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை. தட்டு வெட்டத் தயாரித்த, அடிச்சுருதி குறைத்த டேப்பையே அப்படியே சி.டி.யில் ஏற்றியவையும் அந்தக் காலத்தில் ஏராளம். அவை சோகையாக ஒலிக்கும்.

வீட்டில் சோதிக்க

கணினியும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் போதும். சி.டி.யை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளால், ஒலி எதுவும் இழக்காத ஃபிளாக் கோப்பாக எடுங்கள். எம்.பி.3 வேண்டாம், சோதனை கெட்டுவிடும். இலவச ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். நல்ல மாஸ்டரிங் பனைவரிசை மாதிரி ஏறியும் இறங்கியும் தெரியும். மழுக்கியது செங்கல் சூளையில் அடுக்கின மாதிரி மேலும் கீழும் தட்டையாக இருக்கும். ஓர் உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முனை கூம்பாக இல்லாமல் மேசை மாதிரி சமதளமாக இருந்தால் அந்த ஒலி வெட்டுப்பட்டது, எந்த ரீமாஸ்டராலும் அதை இந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது.

எண்ணாகவும் பார்க்கலாம். ஃபூபார்2000 பிளேயரில் டைனமிக் ரேஞ்ச் மீட்டர் சேர்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் டி.ஆர். மதிப்பு (சத்தத்தின் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்ற எண்) கொடுக்கும். 12, அதற்கு மேல் என்றால் நிம்மதி. 8-க்குக் கீழே என்றால் நசுக்கியிருக்கிறார்கள். ஆனால் எல்.பி.யிலிருந்து எடுத்த கோப்பின் டி.ஆரை சி.டி.யோடு ஒப்பிடாதீர்கள். அதே மாஸ்டரை வெட்டியிருந்தாலும் வெட்டும் முறையும் ஊசியும் அலையின் முனைகளை நகர்த்திவிடுவதால் எல்.பி.க்கு எண் கூடுதலாகவே வரும். ‘எல்.பி. டி.ஆர். 13, சி.டி. 9’ என்று வாதாடுவோரில் பாதிப்பேர் இந்தக் குழியில் விழுந்தவர்கள்.

இனி முக்கியமான கட்டம். இரண்டு பதிப்பையும் காதால் ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதை ‘தெளிவு’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும். அதே ஃபூபாரில் ரீப்ளேகெயின் கணக்கிட்டால் ஒவ்வொரு ஆல்பத்தையும் எவ்வளவு ஏற்ற, இறக்க வேண்டும் என்று சொல்லும். பழைய சி.டி.க்குப் பூஜ்யத்தை ஒட்டி வரும் இடத்தில் நசுக்கிய ரீமாஸ்டருக்கு மைனஸ் 8, மைனஸ் 10 என்று வரும். சமப்படுத்திய பிறகு, எது எது என்று தெரியாமல் ஏ.பி.எக்ஸ். முறையில் (ஏ, பி இரண்டில் எக்ஸ் எது என்று கண்டுபிடிப்பது) மாற்றி மாற்றிக் கேளுங்கள். பதினாறு முறையில் குறைந்தது பன்னிரண்டு முறை சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் கேட்கிறது என்று வையுங்கள். எட்டு என்றால் அது நாணயம் சுண்டுவதுதான்.

ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சத்தமான பாட்டையெல்லாம் வழக்கமாகச் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கி ஓட்டுகின்றன. அங்கே நசுக்கிய ரீமாஸ்டருக்குச் சத்த லாபம் கிடையாது, இழப்பு மட்டும் மிஞ்சும். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் எந்த வருஷத்துப் பதிப்பு ஓடுகிறது என்று பல நேரம் தெரியாது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டாலும் யாரும் சொல்லமாட்டார்கள். தட்டு வாங்கி வைப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த உருப்படியான காரணம் இதுதான்.

கேட்கும் இடமும் கணக்கில் வர வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பதிப்பைப் போட்டால் மெல்லிய இடமெல்லாம் தறிச்சத்தத்தில் கரைந்துபோகும். காதை மூடும் ஹெட்ஃபோன், அல்லது தறி நிற்கிற நேரம். பொள்ளாச்சி பஸ்ஸில் கேட்க நசுக்கிய பதிப்பே சௌகரியம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று கூடுதல் விலைக்கு விற்கும் கோப்புகளை ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அலைவரிசையில் ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 22 கிலோஹெர்ட்ஸில் கோடு போட்ட மாதிரி எல்லாம் நின்றுவிட்டால் சி.டி.யையே பெரிய பாத்திரத்தில் ஊற்றித் தந்திருக்கிறார்கள். 16-இல் நின்றால் அது எப்போதோ 128 கிலோபிட் எம்.பி.3 ஆக இருந்தது.

தட்டைக் கையில் வாங்கினால்

சி.டி.யைக் கவிழ்த்து நடுத்துளையைச் சுற்றிய கண்ணாடி வளையத்தைப் பாருங்கள். அங்கே மேட்ரிக்ஸ் எண் இருக்கும், பதிப்பின் ஜாதகம் அதுதான். ஐ.எஃப்.பி.ஐ. (உலக இசைத்துறைக் கூட்டமைப்பு) என்று தொடங்கும் பொடி எழுத்துக் குறியீடு 1994 முதல்தான் வந்தது. ஆக, ‘1988 ஒரிஜினல்’ என்று விற்கும் சி.டி.யில் அது இருந்தால் பின்னால் அடித்தது. அட்டையின் ஏ.ஏ.டி., ஏ.டி.டி., டி.டி.டி. எழுத்துகள் பதிவு, மிக்ஸ், மாஸ்டர் மூன்றும் அனலாக்கா டிஜிட்டலா என்று சொல்பவை, தரச்சான்று இல்லை. அடிப்பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னினால் அது வீட்டில் எழுதிய சி.டி.ஆர். அச்சில் அடித்தது வெள்ளி நிறமாக இருக்கும். டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனைத் துளைகளாக வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். உள்பூச்சு அரிக்க ஆரம்பித்திருக்கும்.

ஆரம்பகாலச் சி.டி.க்கள் சிலவற்றில் உச்ச ஒலியை வேண்டுமென்றே ஏற்றிப் பதிந்து, பிளேயர் அதை இறக்கிக்கொள்ளும்படி ஒரு குறி வைத்திருப்பார்கள். பிரீ-எம்ஃபசிஸ் என்று பெயர். சி.டி. பிளேயரில் சரியாகக் கேட்கும். கணினியில் எடுத்த கோப்பில் மட்டும் சிம்பல் சத்தம் காதைக் குத்தினால் இதுதான் சங்கதி. மென்பொருளில் டி-எம்ஃபசிஸ் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாமல் நல்ல பதிப்பை ‘ரொம்பக் கூர்மை’ என்று விற்றுவிட்டவர்கள் உண்டு.

எல்.பி.யில் மேட்ரிக்ஸ் எண் லேபிளை ஒட்டிய வெற்று வட்டத்தில் செதுக்கியிருக்கும். கொங்குப் பக்கம் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் தட்டுகளில் கணிசமானவை மைக்செட் கடைகளிலிருந்து வந்தவை. கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்று நூற்றுக்கணக்கான தடவை கனமான ஊசியில் ஓடியவை. இன்றைய காட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பாகம்) ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தத்தில் ஓடும். அந்தக் காலத்துச் செராமிக் ஊசிகள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தியவை. வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். வரிகள் கன்னங்கரேலென்று மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால் வரிச்சுவரே தேய்ந்துவிட்டது, கழுவினாலும் திரும்பாது. மேலோட்டமான கீறலைவிட இது மோசம்.

வெறும் அழுக்கு என்றால் கழுவலாம், ஆனால் போர்த்தண்ணீரில் வேண்டவே வேண்டாம். நம்மூர் உப்புத்தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு வரிக்குள் படிந்து ‘பட் பட்’ என்று கேட்கும். சிறுவாணித் தண்ணீர் ருசிக்கு நல்லது, இந்த வேலைக்கு அதிலும் உப்பு இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் எட்டு பங்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. லேபிள் நனையாமல், மெல்லிய மயிர் பிரஷால் வரி போகும் திசையிலேயே தேய்த்து, மறுபடியும் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். 78 வேக அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு துளி பட்டாலும் அரக்கு கரையும், அதற்கு வெறும் தண்ணீரும் அந்தச் சொட்டும்தான். 78-ஐ எல்.பி. ஊசியில் ஓட்டாதீர்கள். அதன் வரி அகலமானது, அதற்கு மூன்று மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சின்ன ஊசி அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் அள்ளி வரும். மோனோ தட்டு எதுவானாலும் இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்கிக் கேட்டால் கரகரப்பு நன்றாகக் குறையும்.

புது மறுவெளியீட்டு எல்.பி.க்களில் 180 கிராம் என்ற எடை தட்டை வளையாமல் காக்கலாம், பாட்டை நல்லதாக்காது. பார்க்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்பது. 18 முதல் 22 நிமிடம் வரை நிம்மதி. 28 நிமிடத்தை ஒரு பக்கத்தில் திணித்தால் வரிகளை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்டியிருப்பார்கள், இரைச்சல் மேலே தெரியும். ‘முழுக்க அனலாக்’ என்ற வார்த்தைக்கு மட்டும் கூடுதல் காசு தராதீர்கள். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி வெளியீடுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022-இல் வெளியே தெரிந்தது. அதுவரை அந்தத் தட்டுகளையே அனலாக் ஒலிக்கு உதாரணமாகக் காட்டியவர்கள் ஏராளம்.

வைப்பது எப்போதும் நிமிர்த்தி, அடுக்கிப் படுக்கவைக்காமல். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் கார் பின்சீட்டில் அரை மணி நேரம் விட்டால் தட்டு அலையலையாக நெளிந்துவிடும். மில் பக்கத்து வீடுகளில் பஞ்சுத்தூசி ஊசிமுனையில் உருண்டை கட்டும், ஒவ்வொரு பக்கத்துக்கு முன்பும் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் துடைக்க வேண்டும். வால்பாறை போன்ற ஈரமான இடமென்றால் பழைய பிளாஸ்டிக் உள்ளுறையை எறிந்துவிட்டு அமிலமில்லாத காகித உறை போடுங்கள், பூஞ்சை முதலில் பிடிப்பது அந்த உறைக்கும் தட்டுக்கும் நடுவில்தான். உறைக்குள்ளேயே ஒரு துண்டுச்சீட்டில் மேட்ரிக்ஸ் எண், கழுவிய தேதி, டி.ஆர்., ரீப்ளேகெயின் மதிப்பு நாலையும் எழுதிப் போட்டுவிட்டால், அதே ஆல்பத்தின் இன்னொரு பதிப்பு கைக்கு வரும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று அங்கேயே முடிவு செய்யலாம்.